லாவோஸ் தேசமும் தலைவிதியும்

லாவோஸ் என்பதாக ஒரு தேசம் இருக்கின்றது என்கின்ற சங்கதியே நம் வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்த சிலரும் அதைப்பற்றிச் சொல்லுவதெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றது. அதாவது, "நாலு பக்கமும் பிறநாடு சூழ்ந்த, கடலில்லாத தேசம், மலையும் காடும் நிறைந்த தேசம், ஆகையால் ஏழைத் தேசம், அதன் தலையெழுத்து அப்படி" என்பதேயாகும். ஒரு மனிதனுடைய தரித்திரத்துக்குத் தலையெழுத்தைக் காரணம் காட்டிவிட்டு, அவனுடைய நிலத்தை எடுத்துக்கொண்டவனையும் அவனுக்கு வட்டிக்குக் கொடுத்தவனையும் தப்பவிட்டுவிடுவது எப்படி நம் கிராமங்களில் சர்வ சாதாரணமோ, அப்படியே தேசங்கள் விஷயத்திலும் செய்து வருகின்றார்கள். ஆதலால் இந்த லாவோஸ் தேசத்தின் பூமி, ஜனங்கள், அரசாங்கம், பிழைப்பு ஆகிய நான்கையும் சற்று விசாரித்து, அதனுடைய கஷ்டத்தில் "விதி" செய்தது எவ்வளவு, மனிதர்கள் செய்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது பயனுள்ள காரியமென்று நினைக்கின்றோம்.

முதலில் பூமியை எடுத்துக் கொள்ளுவோம். லாவோசின் விஸ்தீரணம் 2,36,800 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை சுமார் 76 லட்சம். வடக்கே சைனா, கிழக்கே வியட்நாம், தெற்கே கம்போடியா, மேற்கே தாய்லாந்து, வடமேற்கே பர்மா ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரையே இல்லாத தேசம் இது ஒன்றுதான். நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலையும் மேட்டு நிலமுமாகும். மீகாங் என்கின்ற பெரிய ஆறு தேசத்தின் நீளத்திற்கும் ஓடி, வெகுதூரம் தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் எல்லையாகவும் இருக்கின்றது. தலைநகரமாகிய வியந்தியான் பட்டணம் அந்த ஆற்றங்கரையிலேயே இருக்கின்றது. ஆற்றுக்கு அக்கரை தாய்லாந்து.

கடல் இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய ஆறு இருக்கின்றதே, அதன் வழியாய்க் கப்பல் விட்டுக் கடலுக்குப் போகலாகாதா என்று கேட்கலாம். பிரஞ்சுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1866-ம் வருஷத்திலேயே ஒரு கூட்டத்தை அனுப்பி, மீகாங் வழியாய்ச் சைனாவுக்கு வியாபாரப் பாதை கிடைக்குமா என்று பார்த்தார்கள். ஆனால் தேசத்தின் தென்கோடியில் கோன் என்கின்ற நீர்வீழ்ச்சித் தொடர் குறுக்கே நின்றது. கப்பலையும் சாமான்களையும் அருவியைத் தாண்டி எடுத்துப் போவதற்காக அங்கேயுள்ள இரண்டு தீவுகளின் மேல் சுமார் 7 கிலோ மீட்டர் ரயில் பாதை ஒன்றைப் போட்டார்கள். அப்படியும் அந்த வழி பெரிய வியாபாரத்துக்கு உதவவில்லை. அதன் பிறகு 2009-ம் வருஷத்தில் தாய்லாந்திலிருந்து பாலத்தின் மேலாக ஒரு சிறு பாதை வரும் வரையில் அந்நாட்டில் வேறு ரயிலே கிடையாது.

ஆகவே பூமியின் அமைப்பினால் லாவோசுக்குக் கஷ்டம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு மூட்டைக் காப்பிக்கொட்டையைக் கப்பலேற்ற வேண்டுமானால் அது அடுத்த வீட்டுக்காரன் முற்றத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அவன் கதவைச் சாத்தினால் இவன் வீட்டில் உப்புக்கும் எண்ணெய்க்கும் தட்டுத்தான். 1975-ம் வருஷக் கடைசியில் தாய்லாந்து தன் எல்லையை மூடிய பொழுது லாவோஸ் ஜனங்கள் பட்ட பாடு இதற்கு அத்தாட்சி. ஆனால் ஸ்விட்ஜர்லாந்துக்கும் கடல் இல்லை; அதுவும் மலைதான். ஆஸ்திரியாவுக்கும் கடல் இல்லை. அந்தத் தேசங்கள் தரித்திரத் தேசங்களா என்று கேட்கின்றோம். கடலில்லாததே தரித்திரத்திற்குக் காரணமானால் அவர்கள் எல்லோரையும் விட ஏழைகளாக அல்லவா இருக்க வேண்டும்? ஆதலால் மலை பேரிலும் ஆற்றின் பேரிலும் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போவது யோக்கியமான விசாரணையாகாது.

இனி ஜனங்களைப் பற்றிப் பார்ப்போம். சர்க்கார் கணக்குப்படி அங்கே 50 ஜாதி ஜனங்கள், அதாவது வெவ்வேறு பாஷையும் வழக்கமும் உள்ள கூட்டங்கள் இருக்கின்றன. அவர்களில் லாவ் என்கின்றவர்கள் பாதிக்குச் சற்று அதிகம். இவர்கள் ஆற்றோரத்துச் சமநிலத்தில் நெல் விளைவிக்கின்றவர்கள். பசையுள்ள ஒருவகை அரிசியை ஆவியில் வேகவைத்து, மூங்கிற் கூடையில் வைத்துக்கொண்டு, கையால் உருட்டிச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். மலைச் சரிவுகளில் கம்மு முதலிய பழங்குடிகள் இருக்கின்றார்கள். மலையுச்சிகளில் மோங் முதலிய கூட்டத்தார் இருக்கின்றார்கள். இவர்களில் பலர் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்து பிழைத்து வந்தவர்கள்.

இதில் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மலைச் சரிவுகளில் வாழும் அந்தப் பழங்குடிகளுக்குத்தான் அந்த நிலத்தில் மற்றவர்களைவிட முந்திய பாத்தியம். லாவ் ஜனங்கள் வடக்கிலிருந்து பின்னால் வந்து குடியேறியவர்களே. ஆனால் பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "கா" என்பதாகும். அதற்கு அர்த்தம் அடிமை. பிறந்த குழந்தை முதல் சாகப்போகும் கிழவன் வரையில் ஒரு ஜனக்கூட்டம் முழுவதையும் "அடிமை" என்கின்ற பெயராலேயே நூற்றாண்டுக் கணக்காகக் கூப்பிட்டு வந்தார்கள். நிலத்தையும் பிடுங்கிக்கொண்டு, பெயரையும் பிடுங்கிக்கொள்ளும் இந்த வித்தை எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கின்றது போலும்! பிற்காலத்தில் அந்தப் பெயரை விலக்கி, சமவெளி லாவ், சரிவு லாவ், உச்சி லாவ் என்பதாக எல்லோரையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது நல்ல காரியங்களில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் பெயர் மாறியவுடன் நிலைமையும் மாறிவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிக்கூடமும் வைத்தியமும் ரோடும் இன்றைக்கும் மலைமேல் ஏற ஏறக் குறைந்துகொண்டேதான் போகின்றன.

நிற்க, பழைய ராஜாக்கள் காலம் பொற்காலம் என்று சொல்லிக் கொள்ளுவது அந்தத் தேசத்திலும் உண்டு. 1353-ம் வருஷத்தில் ஃபா ஙும் என்கின்ற ராஜா லான் சாங் என்னும் ராஜ்யத்தை ஏற்படுத்தினார். லான் சாங் என்றால் பத்து லட்சம் யானை என்று அர்த்தம். பத்து லட்சம் யானை இருந்ததோ இல்லையோ, 1707-ம் வருஷ வாக்கில் பட்டத்துச் சண்டையால் அந்த ராஜ்யம் துண்டு துண்டாகி மூன்றாகப் பிரிந்தது மாத்திரம் நிஜம். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சயாம் விழுங்கிற்று. 1779-ல் சயாம் படை வியந்தியானுக்குள் புகுந்து, அங்கேயிருந்த மரகத புத்தர் சிலையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்தச் சிலை இன்றைக்கும் பாங்காக்கிலேதான் பூஜை பெற்றுக்கொண்டிருக்கின்றது. அந்தச் சிலை இருக்கும் நாட்டுக்குக் கேடு வராது என்று நம்பியிருந்தவர்கள், அந்தச் சிலைக்கே கேடு வந்த பொழுதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 1828-ல் மறுபடியும் சயாம் படை வந்து வியந்தியான் பட்டணத்தையே அழித்து, ஜனங்களை ஆயிரக்கணக்கில் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய்க் குடிவைத்தது. அதனால்தான் இன்றைக்கு லாவ் பாஷை பேசும் ஜனங்கள் லாவோசில் இருப்பதைவிடத் தாய்லாந்தின் வடகிழக்குப் பாகத்தில் பன்மடங்கு அதிகமாக இருக்கின்றார்கள்.

அன்றியும் அவர்களுக்கும் ஒரு ராமாயணம் உண்டு. ஃபிர லக் ஃபிர லாம் என்று பெயர். அதிலே கதை நடப்பது அயோத்தியிலும் தண்டகாரணியத்திலும் அல்ல. மீகாங் ஆற்றங்கரையிலேயே நடக்கின்றது! ராமனும் புத்தருடைய முன் பிறப்பு என்று முடிகின்றது. கதை போன இடமெல்லாம் அந்தந்த ஊர்க்காரன் அதைத் தன் ஊர் ஆற்றங்கரையில் நடந்ததாகவே எழுதிக்கொண்டான் என்பதைப் பார்த்த பிறகும், இது சரித்திரம், இது நடந்த இடம் இன்ன இடம் என்று சண்டைக்கு வருகின்றவர்களுக்கு நாம் என்ன ஜவாப் சொல்லுவது? அதுபோலவே தெற்கே வாட் பூ என்னுமிடத்தில், மலையுச்சியில் நிற்கும் கல் ஒன்றைச் சிவலிங்கம் என்று கொண்டு பழங்கால ராஜாக்கள் கோவில் கட்டினார்கள். பின்னால் அதே கோவில் புத்தர் கோவிலாயிற்று. கல்லும் மலையும் அப்படியே இருக்க, சாமி மாத்திரம் மாறிற்று. ராஜா யாரைக் கும்பிட்டானோ அவரே சாமி என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

எழுத்தின் விஷயத்தில் அவர்களுக்கும் தென்னிந்தியாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பல்லவர் காலத்து எழுத்து கடல் தாண்டிப் போய், கம்போடிய எழுத்தாகி, அதன் வழியில் லாவ் எழுத்தும் உண்டாயிற்று. பண்டிதர்களில் சிலர் 1930-களில் பாலி பாஷைச் சொற்களை அச்சாகக் காட்டுவதற்காகப் புதிய எழுத்துக்களைச் சேர்க்க வேண்டுமென்றார்கள். ஆனால் கடைசியில் தேசம் அதை ஏற்காமல், வாயால் எப்படிப் பேசுகின்றோமோ அப்படியே எழுதுவது என்கின்ற எளிய முறையையே வைத்துக்கொண்டது. எழுத்து ஜனங்களுக்காகவே ஒழிய, ஜனங்கள் எழுத்துக்காக அல்ல என்பதை இந்தச் சின்னத் தேசம் கண்டுகொண்டது பாராட்டத்தக்கது.

இனிப் பிரஞ்சுக்காரர்களின் ஆட்சியைப் பார்ப்போம். 1893-ல் சயாமைப் பயமுறுத்தி, மீகாங்கின் கிழக்குக் கரையைப் பிரஞ்சுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஜனங்களிடத்தில் வரி வாங்கினார்கள். வரியோடு கட்டாய வேலையும் வாங்கினார்கள். அபின் வியாபாரத்தைச் சர்க்காரே ஏகபோகமாக நடத்திற்று. உத்தியோகங்களுக்கு வியட்நாமிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்திற்கு மாத்திரம் பணமில்லை. அந்தத் தேசத்திற்கு ஒரு தேசிய சர்வகலாசாலை ஏற்பட்டது 1996-ம் வருஷத்திலேதான் என்றால், நூறு வருஷக் கல்வி வாசனை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாமே யூகித்துக் கொள்ளலாம்.

இந்தக் கொடுமையைப் பொறுக்காமல் தெற்கேயுள்ள மலை ஜனங்கள் கலகம் செய்தார்கள். கலகம் நியாயமானதே. ஆனால் அதற்குத் தலைமை வகித்தவர்கள் மந்திர சக்தி உள்ளவர்களென்று தங்களைச் சொல்லிக் கொண்டார்கள். பிரஞ்சுக்காரன் சுடும் குண்டுகள் பூக்களாக மாறிவிடும் என்று ஜனங்களை நம்பச் செய்தார்கள். 1902-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சவன்னகேத் என்னும் ஊரில் அந்த நம்பிக்கையோடு ஜனங்கள் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள். குண்டுகள் பூவாகவில்லை. சுமார் 150 பேர் செத்தார்கள். தோழர்களே, இதைப் படித்து யாரும் சிரித்துவிட வேண்டாம். நியாயமான கோபம் எவ்வளவு இருந்தாலும், அதோடு மூடநம்பிக்கை சேர்ந்தால் கடைசியில் லாபம் யாருக்கு என்பதற்கு அந்த 150 பிணங்கள் சாட்சி சொல்லுகின்றன.

1953-ம் வருஷம் அக்டோபர் மாதம் லாவோசுக்குப் பூரண சுதந்திரம் கிடைத்தது. அதற்குள்ளாகவே 1947-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் பவுத்தம் ராஜாங்க மதம் என்றும் ராஜா அதற்குப் பாதுகாவலர் என்றும் எழுதி வைத்துக்கொண்டார்கள். மதத்துக்குப் பாதுகாப்பு எழுதியாயிற்று. ஜனங்களுக்குப் பாதுகாப்பு யார் என்பது அடுத்த இருபது வருஷத்தில் தெரிந்தது. 1962-ல் பல வல்லரசுகள் ஜினீவாவில் கூடி, லாவோஸ் நடுநிலைத் தேசம், அதில் யாரும் தலையிடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டன. கையெழுத்து உலரும் முன்னமே வடவியட்நாம் தன் படைகளை லாவோஸ் காடு வழியாக நடத்திற்று. அமெரிக்கா மோங் ஜனங்களைக் கொண்டு இரகசியமாக ஒரு சைனியத்தைத் திரட்டிற்று.

1964 முதல் 1973 வரையில் அமெரிக்க விமானங்கள் லாவோசின் மேல் 5,80,000 தடவைக்கு மேல் பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டன. சராசரி பார்த்தால் எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம் நிறையக் குண்டு, இரவு பகல் இருபத்து நாலு மணியும், ஒன்பது வருஷம் ஓயாமல் என்று கணக்கு வருகின்றது. இவ்வளவும் அமெரிக்க ஜனங்களுக்கே நெடுநாள் வரையில் தெரியாமல் நடந்தது! இந்தக் குண்டுகளில் ஒரு தினுசு, வானத்தில் திறந்துகொண்டு நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறுவது. அப்படிச் சிதறிய சிறு குண்டுகள் 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணிலே தங்கிவிட்டன. பந்து அளவுள்ள அந்தக் குண்டைப் பந்தென்று நினைத்துக் குழந்தைகள் எடுக்கின்றன. வயலைக் கொத்தும் மண்வெட்டியில் அது படுகின்றது. யுத்தம் முடிந்த பிறகு மாத்திரம் இப்படிச் செத்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் 20,000 பேருக்கு மேல்.

லாவ் ஜனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மனிதனுக்கு 32 உயிர்கள் உண்டென்றும், அவை உடம்பை விட்டு ஓடிவிடாமலிருக்க மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டுமென்றும் சடங்கு செய்கின்றார்கள். அன்பாகக் கட்டும் நூலை நாம் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் குண்டு எடுத்த கையில் நூல் இருந்ததா இல்லையா என்று குண்டு பார்க்கவில்லை. கையைக் காப்பாற்றுவது நூலல்ல; மண்ணைச் சல்லடைபோட்டு, கருவி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு குண்டாக வெடிக்கச் செய்யும் பயிற்சி பெற்ற மனிதர்களே. அவர்களில் பெண்கள் அநேகர். 2016 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா வியந்தியானுக்கு வந்து, இந்த வேலைக்கு மூன்று வருஷத்தில் 9 கோடி டாலர் கொடுப்பதாகச் சொன்னார். போட்ட குண்டுக்குச் செலவு செய்ததோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையில் சியெங் குவாங் மாகாணத்து நாப்பியா கிராமத்து ஜனங்கள் அந்தக் குண்டுகளின் அலுமினியத்தையே உருக்கிச் சோற்றுக் கரண்டி வார்த்துப் பிழைக்கின்றார்கள். விதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் செய்கின்ற காரியமா இது?

இனி அரசாங்கம். 1975 டிசம்பர் 2-ந் தேதி பொதுவுடைமைக் கட்சியார் ராஜாவை இறக்கிவிட்டு, லாவ் ஜனநாயக மக்கள் குடியரசு என்று ஏற்படுத்தினார்கள். முடியாட்சி போனதற்கு நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. ஆனால் முடியை எடுத்துப் பெட்டியில் வைத்தவர்கள், பழைய உத்தியோகஸ்தர்களையும் சிப்பாய்களையும் ஆயிரக்கணக்கில் "பாடம் கற்பிக்கும்" முகாம்களுக்கு அனுப்பினார்கள். ராஜாவும் அப்படியொரு முகாமிலேயே இறந்தார். தேசத்தில் பத்தில் ஒரு பங்கு ஜனங்கள், அதாவது சுமார் மூன்று லட்சம் பேர், ஆற்றைக் கடந்து ஓடிப்போனார்கள். படித்தவர்கள் போய்விட்டால் நிர்வாகம் எப்படி நடக்கும்? 1978-ல் விவசாயத்தைக் கூட்டுப்பண்ணையாக்க முயன்று, மறு வருஷமே கைவிட்டார்கள்.

1986-ல் புதிய கொள்கை ஒன்றைக் கொண்டு வந்து, தனி வியாபாரத்திற்கும் அந்நிய முதலுக்கும் கதவைத் திறந்தார்கள். அதற்குச் சின்தனாகான் மை என்று பெயர். "சின்தனா" என்பது வேறொன்றுமில்லை, நாம் சொல்லும் "சிந்தனை"யேதான். புதிய சிந்தனை என்று அர்த்தம். 1991-ல் அரசியல் சட்டம் எழுதியபொழுது, தேசத்தின் முத்திரையிலிருந்த அரிவாள் சுத்தியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாட் லுவாங் என்னும் பவுத்த ஸ்தூபியின் படத்தை வைத்தார்கள். உழைப்பவன் கருவி போய்க் கோவில் கோபுரம் வந்தது! ஆனால் ஆளுவது மாத்திரம் அதே ஒரு கட்சி. வேறு கட்சிக்கு இடமில்லை. 2021-ல் நடந்த தேர்தலில் 164 ஸ்தானங்களில் 158 அந்தக் கட்சிக்கு. மீதி ஆறும் அந்தக் கட்சியின் சம்மதம் பெற்று நின்றவர்களுக்கு. 2022-ம் வருஷக் கடைசியில் பிரதமராக வந்தவர் முன்னாள் ஜனாதிபதியின் மகன். ராஜா போனால் போதாது, ராஜா வழக்கமும் போக வேண்டும் என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொம்பாத் சொம்ஃபோன் என்பவர் கிராமத்து வாலிபர்களுக்கு விவசாயமும் கல்வியும் கற்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். 2005-ல் மகசேசே பரிசு பெற்றவர். 2012 டிசம்பர் 15-ந் தேதி வியந்தியானில் ஒரு போலீஸ் சாவடிக்கு எதிரே அவருடைய வண்டி நிறுத்தப்பட்டதும், அவரை வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டு போனதும் சர்க்கார் காமிராவிலேயே பதிவாயிருக்கின்றது. அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்பது வெளிவரவில்லை. தங்களுக்கு ஒன்றும் தெரியாதென்று சர்க்கார் சொல்லிவிட்டது. சமதர்மம் வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் ஏன் என்று கேட்பவன் காணாமல் போகும் இடத்தில், சமதர்மம் என்று எழுதிய பலகை இருந்தால் என்ன, ராஜதர்மம் என்று எழுதிய பலகை இருந்தால் என்ன?

கடைசியாகப் பிழைப்பைப் பார்ப்போம். ஜனங்களில் பெரும்பாலோர் விவசாயிகள். நெல்லும், மரவள்ளியும், ரப்பரும், பொலவென் மேட்டுநிலத்துக் காப்பியும் விளைகின்றன. செம்பும் தங்கமும் வெட்டியெடுக்கின்றார்கள். வாலிபர்கள் லட்சக்கணக்கில் தாய்லாந்துக்குக் கூலிக்குப் போகின்றார்கள். எல்லாவற்றிலும் பெரிய நம்பிக்கை மின்சாரம். மலையும் ஆறும் இருக்கின்றதல்லவா, அணை கட்டி மின்சாரம் எடுத்து அண்டை நாடுகளுக்கு விற்போம், தென்கிழக்கு ஆசியாவுக்கே நாம்தான் மின்சாரக் களஞ்சியம் என்றார்கள். யோசனை தப்பல்ல. 1995-ல் நூற்றுக்குப் பதினைந்து வீட்டுக்கு இருந்த விளக்கு, இன்று நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டுக்கு மேல் எரிகின்றது என்பது மெச்சத் தகுந்ததே. எந்த மலையைத் தரித்திரத்துக்குக் காரணம் என்றார்களோ அந்த மலையே விளக்கெரிக்கின்றது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2010-ல் முடிந்த நாம் தியுன் 2 என்னும் அணைக்காக ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள். மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தாய்லாந்துக்குப் போகின்றது. 2019-ல் ஓடத் தொடங்கிய சயாபுரி அணையிலும் அப்படியே. 2018 ஜூலை 23-ந் தேதி அட்டபு மாகாணத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டத்தின் பக்கக்கரை உடைந்து, இரவிலே கிராமங்களை அடித்துக் கொண்டு போயிற்று. செத்தவர்களும் காணாமற் போனவர்களும் சுமார் எழுபது பேர், வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அளவுக்கு மீறிய மழை என்று முதலில் சொன்னார்கள். மறு வருஷம் நிபுணர் கூட்டம் ஒன்று ஆராய்ந்து, இதைத் தெய்வச் செயல் என்று தள்ளிவிட முடியாது, கரையின் அடிமண்ணிலேயே குறை இருந்தது என்று சொல்லிற்று. கட்டியவர்கள் அதை ஒப்புக் கொள்ளவில்லை. ஏழை வீட்டில் இழவு விழுந்தால் அது தெய்வச் செயல். அணை மின்சாரத்தில் லாபம் வந்தால் அது மனிதச் செயல்! இந்த நியாயம் எந்தத் தேசத்து முதலாளிக்கும் பாடமாகவே இருக்கின்றது.

2021 டிசம்பரில் சைனா எல்லையிலிருந்து வியந்தியான் வரைக்கும் சுமார் 400 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட ரயில் பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து போட்ட அந்தப் பாதையில், லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரத்தில் போகலாம். நல்ல காரியமே. ஆனால் அதற்கான செலவு சுமார் 600 கோடி டாலர். அதாவது தேசம் முழுவதும் ஒரு வருஷம் உழைத்து உண்டாக்குவதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. கம்பெனியில் சைனாவுக்கு நூற்றுக்கு 70 பங்கு. பெரும் பாகம் கடன். அணைக்குக் கடன், ரோட்டுக்குக் கடன், ரயிலுக்குக் கடன் என்று வாங்கி, 2022-ல் சர்க்கார் கடன் தேசத்தின் ஒரு வருஷ உற்பத்தியையே தாண்டிவிட்டது. வெளிநாட்டுக் கடனில் பாதி சைனாவுக்கு. கடனின் பாரத்தினால் 2021-ல், மின்சாரம் கொண்டுபோகும் பெரிய கம்பிப் பாதைகளையே சைனாக் கம்பெனிக்குப் பெரும் பங்குள்ள ஒரு கூட்டுக் கம்பெனியிடம் 25 வருஷத்துக்கு ஒப்புவித்தார்கள். மின்சாரக் களஞ்சியம் என்றவர்கள், வறட்சிக் காலத்தில் தாய்லாந்திடமே மின்சாரம் வாங்கவும் நேர்ந்தது.

இதன் பலன் யார் தலையில் விழுந்தது? 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 9,300 கிப் சுமாருக்கு இருந்த நாணயம், 2023 கடைசியில் 20,000-க்கு மேல் போயிற்று. 2023 பிப்ரவரியில் விலைவாசி முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 41 ஏறிற்று. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். அரிசிக் கூடையைக் குறைத்துக் கொண்டவள் வேறொருத்தி. அந்தக் கடனை வாங்கலாமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கப் பத்திரிகை இல்லை, எதிர்க்கட்சி இல்லை. கடன் வாங்குவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் கடன் வாங்குவதுதான் குற்றம் என்கின்றோம்.

நம்மவர்களுக்கு நேரே சம்பந்தமுள்ள ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கின்றது. லாவோசின் வடமேற்கில் பொக்கியோ மாகாணத்தில், தங்க முக்கோணம் என்னும் பிரதேசத்தை 2007-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே சூதாட்ட மாளிகை எழுந்தது. பிறகு, கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம் என்று இந்தியா முதலிய தேசங்களின் வாலிபர்களை ஆசை காட்டி அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் பூட்டும் கூடங்கள் கிளம்பின. 2024 ஆகஸ்டில் இந்தியத் தூதரகம் ஒரே தடவையில் 47 பேரை மீட்டது. அதற்கு முன்னும் நூற்றுக்கணக்கானவர்களை மீட்டிருக்கின்றது. ஆகவே ஏஜண்டின் வார்த்தையை வேதவாக்காகக் கொண்டு விமானம் ஏறுகின்றவர்கள், ஜாதகம் பார்ப்பதற்குப் பதிலாக அந்தக் கம்பெனியின் ஜாதகத்தைத் தூதரகத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுவார்களாக.

ஆகவே கணக்கு இதுதான். பட்டத்துக்கு ராஜாக்கள் சண்டையிட்டது விதியல்ல. சயாம் சூறையாடியதும், பிரஞ்சுக்காரன் அபின் விற்றதும், அமெரிக்கன் குண்டு போட்டதும் விதியல்ல. கேட்பாரில்லாமல் கடன் வாங்கியதும், கேட்டவர் காணாமற் போனதும் விதியல்ல. இவையெல்லாவற்றையும் கழித்த பிறகு கடலில்லாத குறை ஒன்று மிச்சமாகின்றது. அதற்கும் ரயிலும் பாலமும் பரிகாரமாக வந்துகொண்டிருக்கின்றன. மிகப் பின்தங்கிய தேசங்களின் ஜாபிதாவிலிருந்து 2026 நவம்பர் 24-ந் தேதி லாவோஸ் வெளியேறுவது என்று ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் தீர்மானித்தது. ஜாபிதாவை விட்டு வெளியேறுவது சுலபம். தரித்திரத்தை விட்டு வெளியேறுவதற்கு, யார் சொன்னாலும் ஏன் என்று கேட்கும் உரிமை ஜனங்களுக்கு வேண்டும். புதிய சிந்தனை என்று தங்கள் கொள்கைக்குப் பெயர் வைத்தவர்கள், அந்தச் சிந்தனையை மலைச்சரிவில் இருக்கும் கம்மு விவசாயியும் செய்யலாம், செய்ததை வாய்விட்டும் சொல்லலாம் என்று விடுவார்களானால், கடலில்லாத அந்தத் தேசத்திற்கு வேறு எந்தத் தலையெழுத்தும் குறுக்கே நிற்காது என்பது நமது அபிப்பிராயம்.